நெடுந்தீவில் ஒரு பற்றரிக் கவலை

குறிகட்டுவானில் படகேறும்போது என் கைத்தொலைபேசியில் 40 வீதம் சார்ஜ் இருந்தது. ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவில் இறங்கியபோது 22. நடுக்கடலில் சிக்னல் மங்கினால், கோபுரத்தைத் தேடித்தேடியே போன் பற்றரியைத் தின்றுவிடும்.

நான் பார்க்கப்போன அம்மா பகல் முழுக்கப் போனை அணைத்தே வைத்திருக்கிறார். "இரவில மகளுக்கு வயித்துக்குத்துக் கண்டால் படகுக்கு அறிவிக்க வேணுமே, பிள்ளை."

பற்றரிக்குத் தடையிருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவராம்.

டேட்டாவையும் இருப்பிடம் காட்டும் வசதியையும் நிறுத்தி, திரை வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தேன். இனிப் பகலிலும் திறந்து வைக்கலாம் என்றேன், அவர் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான், பற்றரி அவ்வளவு பழசு. புதியது வாங்கிவர மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு படகுக்கு நடந்தேன்.