முதலில் விளக்கைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி 11 மணிக்கு மேல்தான் ரூமுக்கு வருகிறாய் என்று அம்மா புலம்புகிறாள். புது வேலை, அப்படித்தான் இருக்கும் என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டேன். ஆனால் உன் மெசேஜைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கவுண்ட்ஸ் மேடத்தின் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று விண்டோஸையே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாயாமே! யாரைக் கேட்டுச் செய்தாய்? போட்ட பிறகும் அப்படியேதான் இருக்கிறது, இல்லையா?

"பிங் நல்லாப் போகுது அக்கா, ஃபைல் காப்பி பண்ணினாத்தான் உயிர் போகுது" என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தேகம் அங்கேதான். பிங் சின்னது, ஒன்று போகும், ஒன்று வரும். பெரிய ஃபைல் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டிவரும். உங்கள் பழைய ஸ்விட்சில் யாரோ அந்தப் போர்ட்டை 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் செட் பண்ணி வைத்திருக்கலாம். கம்ப்யூட்டர் ஆட்டோவில் இருக்கும். எதிர்ப்பக்கம் பதில் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரால் வேகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸை முடியாது. அதனால் ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் என்ன, ஒருவர் அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருக்க, மற்றவர் நிறுத்தாமல் பேசுகிற கதைதான். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் கவுண்டரை எடுத்துப் பார். ஃபுல் பக்கம் சிஆர்சி எரர் ஏறிக்கொண்டே போனால், ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் இருந்தால், இதுதான் வியாதி. இரண்டு பக்கத்தையும் ஆட்டோவில் விடு. செம்புக் கேபிளில் கிகாபிட் போக ஆட்டோ இருந்தே ஆகவேண்டும்.

நான் சொல்கிறேனே என்று உடனே மாற்றாதே. பார்த்துவிட்டு மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டில் எழுது. இதை எத்தனை தடவை சொன்னாலும் நீ சிரிக்கிறாய்.

காலையில் சிலருக்கு "நெட் வரல" என்று எழுதியிருந்தாயே, அது வேறு. முதலில் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா பார். எரிந்தால் ஐபி என்ன என்று பார். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி கிடைக்காமல் கம்ப்யூட்டரே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து ரின்யூ கொடுத்தால் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் ஸ்பானிங் ட்ரீயைச் சந்தேகப்படு. லிங்க் வந்ததும் போர்ட் 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும். அந்த 30 விநாடி எதுவும் கடக்காது. கம்ப்யூட்டர் மட்டும் இருக்கிற போர்ட்டுக்கு போர்ட்ஃபாஸ்ட் போடு. ஸ்பானிங் ட்ரீயையே அணைத்துவிடாதே! ராடியா பெர்ல்மன் 1985இல் அதை உருவாக்கியதே வளையம் விழாமல் காப்பதற்குத்தான். அது இல்லாதபோது யாராவது ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஸ்விட்சில் செருகினால் ஆபீஸ் முழுக்கப் படுத்துவிடும். பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் 2002 நவம்பரில் ஸ்பானிங் ட்ரீ கோளாறால் நெட்வொர்க் விழுந்து, டாக்டர்கள் சில நாள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். உன் ஆபீஸில் உயிர் போகாதுதான், ஆனாலும் பயம் இருக்கட்டும்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போட்டுக்கொள்ள அடம்பிடிக்கிறார். நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

நாளைக்குப் போனதும் அந்த மேடத்திடம், கோளாறு அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடு. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஃபைல் எதுவும் போயிருந்தால் பேக்கப்பில் தேடிக் கொடு. மாதக் கடைசி வருகிறது, அவர்களுக்குக் கணக்கு முடிக்க வேண்டாமா?

அன்புடன்,
அக்கா