ஒசாகாவில் பத்து நாள் சமையல்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வாக்கை மடியில் முடிந்துகொண்டே 2025 நவம்பரில் நாங்கள் இருவரும் ஜப்பானுக்குப் புறப்பட்டோம். ஓய்வூதியத்திலிருந்து ஆறு ஆண்டுகள் சேர்த்த பணத்தின் பெரும்பகுதியை விமானச் சீட்டே விழுங்கிவிட்டது. “அங்கே ஒரு வேளை உணவுக்கே ஆயிரக்கணக்கில் அழ வேண்டும்” என்று நண்பர்கள் அச்சுறுத்தினர். இருவருக்கும் சேர்த்து நாள் ஒன்றுக்கு 3,000 யென். அதற்கு மேல் வயிற்றுக்குச் செலவிடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அப்போதைய மதிப்பில் 100 யென் என்பது அறுபது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

நாங்கள் தங்கிய நகரம் ஒசாகா. பழங்காலத்தில் ‘நாட்டின் சமையலறை’ என்று பெயர் பெற்ற வணிக நகரம் அது. ஒரு பொருளை எவ்வளவு மலிவாக வாங்கினோம் என்று சொல்லிப் பெருமைப்படுவது ஒசாகாக்காரரின் இயல்பு என்பார்கள். எங்களுக்கு ஏற்ற ஊர்தான்! சிறிய அடுப்பும் சோறு பொங்கும் மின்கலமும் கொண்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். அருகிலேயே தென்ஜின்பாஷி-சுஜி என்னும் கடைவீதி. மேற்கூரையிட்ட அவ்வீதி ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நீளமுடையது.

நாணயப் பாடம்

முதலில் நாணயங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். 1, 5, 10, 50, 100, 500 என ஆறு வகை. ஐந்திலும் ஐம்பதிலும் நடுவே துளை உண்டு. ஐந்து யென்னை அவர்கள் ‘கோ-என்’ என்கின்றனர். நல்லுறவு என்னும் பொருள்படும் சொல்லும் அதே ஒலியுடையதாதலால் அதனை மங்கல நாணயமாகக் கருதுகின்றனர். 500 யென் நாணயம் நம் கணக்கில் முந்நூறு ரூபாயை நெருங்குவது. சில்லறைதானே என்று அலட்சியமாகப் பையில் போட்டால் ஒரு நாள் செலவே அதில் ஒளிந்துகொள்ளும். கடையில் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை. அதற்கென வைத்துள்ள சிறு தட்டில் வைக்க வேண்டும். உணவுக் கடைகளிலும் ‘டிப்ஸ்’ கொடுக்கும் வழக்கமில்லை. குழாய் நீரை அப்படியே குடிக்கலாமாதலால் தண்ணீருக்கும் செலவில்லை.

முதல் நாளே ஒரு கோலம் நேர்ந்தது. சர்க்கரை என்று எண்ணி வாங்கி வந்த வெண்பொடியைக் காப்பியில் இட்டு அருந்தினோம். அது உப்பு! இரண்டும் ஒரே அளவுப் பையில், அடுத்தடுத்த அடுக்கில் இருந்தன. மறுநாள் முதல் கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு ஒவ்வொரு பொருளின் பெயரையும் படித்த பிறகே கூடையில் இட்டோம்.

எது மலிவு, எது விலை?

முளைவிட்ட பயறு ஒரு பை 38 யென். தோஃபு என்னும் சோயாக் கட்டி 70 யென்னுக்குள். முட்டை பத்து, 278 யென். முட்டைக்கோசும் வெள்ளை முள்ளங்கியும் பருவக் காய்களாதலால் மலிவு. பழங்கள்தாம் நம்மை மலைக்க வைப்பவை. ஒரு திராட்சைக் குலை 1,500 யென்னுக்கு விற்றதைக் கண்டு கைகூப்பி விலகினோம். ஆயினும் அப்பருவத்துக் காக்கிப் பழம் ஒன்று நூறு யென் அளவில் கிடைத்தது. பருவத்தை அறிந்து உண்பவருக்கு எந்த ஊரும் கொடிய ஊரன்று.

நாங்கள் சற்றும் எதிர்பாராதது அரிசி விலை. 2024 முதல் ஏறத் தொடங்கிய விலை, 2025இல் ஐந்து கிலோவுக்கு 4,000 யென்னைத் தாண்டி, முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. நாங்கள் இரண்டு கிலோ மட்டும் வாங்கி, மற்ற வேளைகளுக்கு ‘உதோன்’ என்னும் கோதுமை நூடுல்ஸை நாடினோம்.

வரியையும் கவனிக்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் விற்பனை வரி நூற்றுக்குப் பத்து. ஆனால் உணவுப் பொருளை வாங்கிச் சென்றால் எட்டு, கடையிலேயே அமர்ந்து உண்டால் பத்து. 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்கும் காசு. ஊரிலிருந்து நாங்கள் கொண்டுபோன மஞ்சள் துணிப்பை அங்கே பெருமையுடன் உலா வந்தது.

பாதி விலைச் சீட்டு

மாலை மயங்கியதும் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு காட்சி. ஊழியர் ஒருவர் வந்து, அன்று செய்த உணவுப் பெட்டிகளின் மீது விலைக்குறைப்புச் சீட்டு ஒட்டுவார். முதலில் பத்து, இருபது விழுக்காடு. கடை மூடும் நேரம் நெருங்க நெருங்கப் பாதி விலை. ‘ஹங்காகு’ என்பது அதற்குரிய சொல்.

அந்தச் சீட்டைக் கண்டு எங்களில் ஒருவர் தயங்கி நின்றார். காரணம் உண்டு. இளமையில் அந்திக் கடையில், விற்காமல் வதங்கிக் கிடந்த காய்களைக் கூறு போட்டு விற்கும் வேளை பார்த்துத் தாய் அனுப்புவாராம். அண்டை வீட்டார் சிரித்த சிரிப்பு ஐம்பது ஆண்டுகளாகியும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஆனால் இங்கோ, கழுத்துப் பட்டை அணிந்த அலுவலரும், கைக்குழந்தையுடன் வந்த தாயும், மாணவரும் அமைதியாகக் காத்து நின்று, சீட்டு ஒட்டிய பின் எடுத்துச் சென்றனர். எவரும் முந்தவில்லை, எவரும் நாணவுமில்லை. எங்கள் தயக்கமும் கரைந்தது.

ஏழாம் நாள் மாலை, எஞ்சியிருந்த இரண்டே பெட்டிகளை எடுத்துக் கூடையில் வைத்தோம். 498 யென் பெட்டி 249க்கு! திரும்பினால் முதுகு வளைந்த ஒரு மூதாட்டி. சற்று முன்புதான் அவர் அரிசிப் பையைத் தூக்கி, விலையைப் பார்த்து, மீண்டும் அடுக்கிலேயே வைத்ததைக் கண்டிருந்தோம். வெறுமையான தட்டை நோக்கினார். எங்களுக்குச் சிறிது தலை வணங்கிவிட்டு நகர்ந்தார். ஒரு பெட்டியை அவரிடம் நீட்டினோம். முகத்துக்கு முன் கையை அசைத்து மறுத்துவிட்டார். கொடையாகப் பெற அவர் விரும்பவில்லை. எனவே பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அப்பால் சென்று காய்கறிகளைப் பார்ப்பதுபோல் நின்றோம். பணம் செலுத்தும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது தட்டில் பெட்டி இல்லை. அவருடைய கூடையில் இருந்தது. அன்றிரவு ஒரு பெட்டியை இருவர் பகிர்ந்து உண்டோம். குறைவாகத் தோன்றவில்லை.

செல்வ நாட்டிலும் விலையைப் பார்த்துப் பொருளைத் திரும்ப வைக்கும் கைகள் உண்டு. எங்களுக்குச் சிக்கனம் பத்து நாள் விளையாட்டு; அவருக்கோ அன்றாட வாழ்வு.

முன்னால் இருப்பதை எடுங்கள்

மற்றொன்றும் கற்றோம். பால் அடுக்கில் நம் வழக்கப்படி கையைப் பின்னால் விட்டுப் புதிய பெட்டியைத் தேடியபோது, அங்கிருந்த சிறு அறிவிப்பைக் கண்டோம். ‘தெமாயெதோரி’ என்று எழுதியிருந்தது. உடனே பயன்படுத்துவதாயின் முன்னால் இருப்பதையே எடுங்கள் என்பது பொருள். நாள் கடந்து உணவு குப்பைக்குப் போவதைத் தடுக்க 2021 முதல் அரசும் கடைகளும் சேர்ந்து பரப்பிவரும் பழக்கம் இது. நாம் ஒதுக்கிய பால் யாருக்கும் பயன்படாமல் கொட்டப்படுமே என்று அதுவரை நாங்கள் எண்ணியதேயில்லை.

பத்தாம் நாள் கணக்கைக் கூட்டினோம். சமையல் பொருள்களுக்கு 16,840. நான்கு வேளை நூடுல்ஸ் கடையில் 6,200. சோற்று உருண்டை, தேநீர் முதலியவற்றுக்கு 2,910. ஆக 25,950 யென். மிஞ்சிய 4,050இல் நூறு யென் கடையில் பேரப்பிள்ளைகளுக்குச் சிறு பொருள்கள் வாங்கினோம்; வரியுடன் ஒவ்வொன்றும் 110.

ஊர் திரும்பிய மறுநாள் தெருமுனைக் கடையில் தயிர் வாங்கச் சென்றோம். முன்னால் இருந்த பாக்கெட்டை எடுத்ததும் கடைக்காரத் தம்பி, “பின்னால புதுசு இருக்கே, ஐயா!” என்றார்.

“இன்றைக்கே மோர் ஆகப்போகிறது தம்பி, இதுவே போதும்” என்று சொல்லி வாங்கி வந்தோம்.