‘பேபி ஆஃப்’: குழந்தை கையில கட்டுற அந்த டேக்

நைட் டூட்டி முடிஞ்சு தூக்கம் வராம நெட்ஃப்ளிக்ஸ்ல ‘இமிக்ரேஷன் நேஷன்’ பார்த்தேன். 2020ல வந்த 6 பகுதி ஆவணத் தொடர். பழசுதான். ஆனா ஒரு டாக்டரா எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அமெரிக்காவுல ‘ஐஸ்’னு ஒரு அமைப்பு. உரிய ஆவணம் இல்லாம இருக்கிறவங்களைப் பிடிச்சு நாடு கடத்துறது அவங்க வேலை. 2017ல இருந்து சுமார் 3 வருஷம் அந்த அதிகாரிகள் கூடவே போய் எடுத்த படம் இது.

ஒருத்தரைத் தேடிப் போறாங்க. அவர் வீட்டுல இல்ல. அங்க இருந்த வேற யாரையாவது பிடிச்சிட்டு வர்றாங்க. அப்படி மாட்டுறவங்களுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் ‘கொலாட்டரல்’.

அதிகாரிகள் யாரும் சினிமா வில்லன் மாதிரி இல்ல. சிரிக்கிறாங்க, சலிச்சுக்கிறாங்க. சட்டம் இது, என் வேலை இதுன்னு சொல்றாங்க. நம்ம ஆஸ்பத்திரியில பார்க்கிற முகங்கள் மாதிரியே இருக்கு. எனக்குப் பயம் வந்தது அங்கதான்.

இப்போ முக்கியமான விஷயம்.

2018 ஏப்ரல்ல டிரம்ப் அரசு ‘ஜீரோ டாலரன்ஸ்’ அறிவிச்சது. அனுமதி இல்லாம எல்லை தாண்டுற பெரியவங்க எல்லார் மேலயும் கிரிமினல் வழக்கு. வழக்குன்னா காவல். காவலுக்குக் குழந்தையைக் கூட்டிட்டுப் போக முடியாது. அதனால குழந்தையைப் பிரிச்சு, ‘துணை இல்லாம வந்த குழந்தை’ன்னு பதிவு பண்ணி, வேற துறை நடத்துற காப்பகத்துக்கு அனுப்பினாங்க.

கவனிங்க. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்த குழந்தை. காகிதத்துல ‘துணை இல்லாதது’ ஆயிடுச்சு.

எதிர்ப்பு கிளம்பினதும் ஜூன் 20 அன்னிக்கு டிரம்பே நிறுத்தி உத்தரவு போட்டார். ஜூன் 26ல சான் டியகோ நீதிபதி டேனா சப்ரா, 5 வயசுக்குக் கீழ உள்ளவங்களை 14 நாள்லயும், மத்தவங்களை 30 நாள்லயும் பெத்தவங்ககிட்ட சேர்க்கணும்னு சொன்னார். முடியல. ஏன் தெரியுமா? பெரியவங்க விவரம் ஒரு துறையில, குழந்தைங்க விவரம் இன்னொரு துறையில. எந்தக் குழந்தை யாரோடதுன்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்ற முறையான பதிவே இல்ல. 400க்கும் மேற்பட்ட பெற்றோரைப் பிள்ளை இல்லாமலே நாடு கடத்தியிருந்தாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க எஸ்.என்.சி.யு. வார்டு ஞாபகம் வந்துச்சு.

சில வருஷம் முன்னாடி, நடுராத்திரி 108ல ஒரு குழந்தை வந்துச்சு. பிறந்து சில மணி நேரம்தான், மூச்சுத் திணறல். அம்மாவுக்கு சிசேரியன், அவங்க பிரசவமான ஆஸ்பத்திரியிலயே படுத்திருக்காங்க. கூட வந்தது பாட்டி மட்டும். குழந்தை கையில டேக் இல்ல.

நான் ஆக்சிஜன் வெச்சு, லைன் போட்டுக்கிட்டு இருக்கேன். சிஸ்டர் ஒருத்தங்க அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு அம்மா பேர், பிறந்த நேரம், எடை எல்லாம் கேட்டுச் சரிபார்க்கிறாங்க. எனக்கு எரிச்சல். “அதெல்லாம் அப்புறம் பாருங்க சிஸ்டர்”னு கத்திட்டேன்.

“நீங்க மூச்சைப் பாருங்க சார். யாரோட குழந்தைன்னு நான் பார்க்கிறேன். ரெண்டும் வேணும்.”

‘பேபி ஆஃப்’னு போட்டு, அம்மா பேரை எழுதிக் கையில கட்டினாங்க. பிறந்த குழந்தைக்குன்னு தனிப் பேர் கிடையாது. அம்மா பேர்தான் அதோட அடையாளம்.

அடுத்த நாலு நாள் அந்த அம்மா வார்டுக்கு போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு தடவை நான்தான் எடுத்தேன். “நல்லா இருக்கும்மா”ன்னு சொல்லி வெச்சிட்டேன். வேலை இருந்துச்சு. ரூல் எதையும் நான் மீறல. இன்னும் ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம்.

அஞ்சாவது நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சபடி வந்தாங்க. குழந்தை முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டேக்கைத் திருப்பித் தன் பேரைப் படிச்சாங்க. அப்புறம்தான் அழுதாங்க.

அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, ஒரு முடிவும் இருந்துச்சு. அப்பவே அப்படி. அங்க இந்த ரெண்டும் தெரியாம ஆயிரக்கணக்கான குழந்தைங்க இருந்திருக்காங்க. சின்ன வயசுல அரவணைக்க ஆள் இல்லாம நீளுற பயம், அழுது ஓய்ஞ்சதும் போயிடாது. வளர்ற மூளையைப் பாதிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், பேச்சைப் பின்னுக்கு இழுக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அப்பவே எச்சரிச்சது.

எல்லையைக் காக்கணுமா வேண்டாமான்னு நான் வாதாட வரல. எந்த நாட்டுக்கும் சட்டம் உண்டு. ஆனா பிரிக்கத் தெரிஞ்ச அரசுக்கு, சேர்க்கிறதுக்கு ஒரு டேக் கட்டத் தோணல. ஒவ்வொருத்தரும் தன் பங்கு வேலையைச் சரியா செஞ்சாங்க. யாரோட குழந்தைன்னு கேட்கிறது யாரோட வேலையாவும் இல்ல.

தொடரைப் பாருங்க. அதுல அழுறவங்களை மட்டும் இல்ல, சாதாரணமா டூட்டி பார்க்கிறவங்களையும் கவனிங்க. நான் அங்க என்னைப் பார்த்தேன்.

அந்த சிஸ்டர் இப்போ ரிட்டயர்டு. அன்னிக்குக் கத்தினதுக்கு இன்னும் நான் மன்னிப்புக் கேட்கல. நாளைக்குக் கூப்பிடணும்.