மூன்றாவது கார்

மோட்டார் கார்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எவ்வித யோக்கியதையும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வேங்கிக்காலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நான் போய் வருவது ஒரு பழைய ஸ்கூட்டரில். மேடான இடங்களில் அது என்னைச் சுமக்கிறதா, அல்லது நான் அதைச் சுமக்கிறேனா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் உண்டாவது வழக்கம். ஆயினும், சென்ற கார்த்திகைத் தீபத்தின்போது எங்கள் வீட்டு வாசலில் மூன்று நாள் அசையாமல் நின்ற ஒரு காரைப் பற்றி யாரிடமாவது சொன்னால் ஒழிய எனக்கு மனம் ஆறாது போலிருக்கிறது.

கார் என் அண்ணாவுடையது. கூடப் பிறந்த அண்ணா அல்ல, பெரியப்பாவின் பிள்ளை. சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார். கார் ஓர் அயல்நாட்டுக் கம்பெனியின் உயர்தரச் சரக்கு. எந்தக் கம்பெனி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அண்ணா வருத்தப்படுவார். தமக்கு இவ்வளவு கஷ்டம் கொடுத்த கம்பெனியின் பெயர் அச்சில் கெட்டுவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் வருத்தப்படுகிறார் பாருங்கள், அந்த வருத்தந்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

பன்னிரண்டு வருஷங்களில் அதே கம்பெனியிலிருந்து அவர் வாங்கிய மூன்றாவது கார் இது. முதல் கார் ஒரு நாள் இரவு திண்டிவனத்துக்கு அருகே கொட்டும் மழையில் நின்று போயிற்றாம். இரண்டு மணி நேரத்துக்குள் கம்பெனி ஆள் வேறொரு காருடன் வந்து சேர்ந்து, குழந்தைகளுக்குப் பிஸ்கட்டுப் பொட்டலமும் கொடுத்து, குடை பிடித்து எல்லோரையும் ஏற்றி அனுப்பினாராம். இந்தக் கதையை அண்ணா எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. எங்கள் குடும்பத்தில் அரிச்சந்திரன் கதைக்கு அடுத்தபடி எல்லோருக்கும் மனப்பாடமான கதை அதுதான். இதைக் கேட்டே அண்ணியின் தம்பி, கோயமுத்தூரில் இருப்பவர், வீட்டு மனைக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து அதே கம்பெனிக் கார் ஒன்றை வாங்கினார். இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அண்ணா குடும்பத்துடன் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை காரைக் கிளப்பப் போனால், உள்ளேயிருந்த கண்ணாடித் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. ‘வண்டியை ஓட்ட வேண்டாம், ஸர்வீஸ் நிலையத்தை அணுகவும்’ என்று அதற்கு அர்த்தம். வெகு மரியாதையான பாஷை. அண்ணா டெலிபோன் செய்தார். முன்பெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் ஒரு மனிதர் அங்கே இருந்தாராம். இப்போது ஓர் இயந்திரம் பேசிற்று. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று உத்தரவு போட்டுக் கொண்டே வந்து, கடைசியில் சங்கீதம் பாட ஆரம்பித்தது. நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்டபின் ஒரு பெண்மணி அகப்பட்டு, பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்தாள். “இனிமேல் இந்த எண்ணைச் சொன்னால் போதும், சார்” என்றாள். அண்ணாவின் பெயருக்கு அதற்குப் பிறகு அங்கே அவசியம் இருக்கவில்லை.

காரை ஏற்றிச் செல்லும் லாரி வர வேண்டும். தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து கொண்டிருக்கையில், ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்தி விடுகிறார்கள். லாரி எப்படி வரும்? இதற்காகக் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணாமலையாரைத்தான் சொல்ல வேண்டும். ஆகவே கார் வேப்பமரத்தடியில் நின்றது. மூன்று நாளில் வேப்பிலையும் காக்கை எச்சமும் அதன்மேல் படிந்தன. என் தாயார், திருஷ்டிதான் காரணம் என்று தீர்மானித்து, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முகப்பில் குங்குமமும் இட்டாள். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. வேறு சமயமாயிருந்தால், வர்ணம் கெட்டுவிடும் என்று பதறியிருப்பார்.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பாயை நான் அழைத்து வந்தேன். நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“வாத்தியாரே, எஞ்சினுக்குத் தண்ணி போற குழாய் விட்டுப் போச்சு. முன்னெல்லாம் இந்த இடத்துல உலோகம் இருக்கும். இது பிளாஸ்டிக். சூட்டுலயே கிடந்து பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு. எங்கிட்ட இதுக்குச் சாமான் கிடையாது. மாட்டினாலும், கம்பெனிக் கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்டாத்தான் வண்டி கிளம்பும்.”

“ஸ்டெப்னியைக் கூடக் காணோமே?” என்று பாய் ஆச்சரியப்பட்டார். மாற்றுச் சக்கரம் கிடையாது; அதற்குப் பதில் ஒரு டப்பாவில் ஏதோ பிசினும், காற்றடிக்கச் சிறு பம்பும் இருந்தன. இடம் மிச்சமாகிறது, பாரம் குறைகிறது என்று அண்ணா விளக்கம் சொன்னார். பாய் மரியாதைக்குத் தலையாட்டினார்.

தீபம் ஏறி, கூட்டம் கலைந்து, காரும் லாரியில் ஏறிச் சென்னைக்குப் போயிற்று. குழாய் கடல் கடந்து வர வேண்டியிருந்ததாம். இருபத்தாறு நாள் ஆயின. பில் தொகையை நான் எழுதவில்லை. என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்குக் குறையாது என்று மட்டும் சொல்கிறேன். இதில் ஒரு வேடிக்கை. கார் இன்னும் பட்டறையில் பிரித்துக் கிடக்கும்போதே, ‘தங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் அளிப்பீர்களா?’ என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணா நாலு நட்சத்திரம் கொடுத்தாராம்! “ஏன், அண்ணா?” என்று கேட்டேன். “ஒண்ணு குறைச்சிருக்கேனே!” என்றார்.

இந்த அபிமானம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. பெரியப்பா இதே வேங்கிக்காலில் வைத்தியம் பார்த்தவர். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. பாலாடை நிறம். சென்னையில் 1948-ல் ஏற்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, 1961 முதல் செய்து வந்த கார் அது. இங்கிலாந்தில் அதற்கு ட்ரையம்ப் ஹெரால்டு என்று பெயர். உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 ஸி.ஸி.தான். இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு கதவுகளோடு திருப்தியடைந்து விட்டார்கள். பெரிய குடும்பங்கள் ஏறி இறங்க வேண்டிய நம் நாட்டில், சென்னைக் கம்பெனி நான்கு கதவுகள் வைத்துச் செய்தது. முன்பக்கம் முழுவதும், சக்கர மூடிகள் உட்பட, முதலை வாய் போல் முன்னோக்கித் திறந்துகொள்ளும். பெரியப்பா ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்து கொண்டு எஞ்சினைப் பழுது பார்ப்பார். நான் மற்றச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். மிகக் குறைந்த இடத்தில் திரும்பக் கூடிய வண்டி. தேரடித் தெருவில் ஒரே வீச்சில் அதைத் திருப்பிவிட்டு, கடைக்காரர்கள் பார்க்கிறார்களா என்று பெரியப்பா ஓரக் கண்ணால் கவனிப்பார். “நம்ம மெட்ராஸ்ல செஞ்சது!” என்பார், தாமே செய்ததுபோல.

ஹெரால்டுக்குப் பின் கஸல் என்ற கார் 1972-ல் வந்து, 1977 வரையில் ஓடிற்று. அதன்பின் எட்டு வருஷம் அந்தக் கம்பெனி கார் எதுவும் செய்யவில்லை. வான் வண்டிகளோடு காலம் தள்ளிற்று. அந்த எட்டு வருஷமும் ஹெரால்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வெளிவந்தது. பெரியப்பா பத்திரிகையில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்து, நாலாக மடித்து, ஹெரால்டின் கையுறைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டார். எனக்கு அப்போது ஆறு வயது. இவ்வளவு நீளமான, அழகான ஒரு காரை நான் அதற்குமுன் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அழகுக்குக் காரணம், உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி. 1 காருடையது. 1976-ல் வெளியாகி, 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று ஐரோப்பாவில் பரிசு பெற்றது. ஆனால் ரோவரில் இருந்தது எட்டு சிலிண்டர்களும் மூன்றரை லிட்டர் கொள்ளளவும் உள்ள எஞ்சின். சென்னையில் அதே உடலுக்குள் வைத்தது 1991 ஸி.ஸி. எஞ்சின், 1940-களில் பிறந்த வான்கார்டு காரின் வமிசத்தில் வந்தது. அந்த ரோவரின் பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் தேறும். பட்டத்து யானைக்கு அம்பாரி கட்டிவிட்டு உள்ளே கிழமாட்டின் கால்களை வைத்த கதையாயிற்று. பெட்ரோல் சிக்கனம் பற்றிய கணக்கிலும் சர்ச்சை எழுந்தது. மாருதி 1983-லேயே வந்துவிட்டது. 1984-ல் கான்டெஸா வந்தது. 1985-ல் பிரீமியர் 118 என்.ஈ. வந்தது. இனிமேல் ஜனங்கள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? 1988 வாக்கில் 2000-இன் உற்பத்தி நின்றது. சென்னைக்கருகே பெருங்களத்தூரில் இருந்த தொழிற்சாலை பூட்டிக் கிடந்து, இப்போது அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கான கட்டடங்கள் நிற்கின்றன. 2006-ல், மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிப் பாகங்களை இங்கிலாந்து வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிக் கொண்டு போனார். அங்கிருந்து வந்த மோஸ்தரில் இங்கே செய்த சாமான் அங்கேயே திரும்பிப் போயிற்று.

சென்னைக்காரர்கள்தாம் கெடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்திலேயே இந்த நாடகம் முன்னதாக நடந்துவிட்டது. அங்கே ரோவர் என்றால் வக்கீல்களும் டாக்டர்களும் பாங்கி ஏஜெண்டுகளும் வாங்கும் கார். 1949 முதல் 1964 வரையில் வந்த ஒரு ரகத்துக்கு ‘அத்தை’ என்றே செல்லப் பெயர் உண்டு. அவ்வளவு நம்பகம், அவ்வளவு மரியாதை. அத்தையை வைத்திருந்தவர்கள் பரிசு பெற்ற புதிய காரை ஆசையோடு வாங்கினார்கள். வர்ணம் உரிந்தது, தொழிற்சாலையில் அடிக்கடி வேலை நிறுத்தம், கதவு இடுக்கில் தண்ணீர் கசிந்தது. அவர்களும் உடனே கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்தது சரியாயிருக்கும் என்று வெகு நாள் சொல்லிக் கொண்டிருந்தார்கள். 2005-ல் ரோவர் கம்பெனியே திவாலாயிற்று.

பெரியப்பாவுக்கு 2000-ஐ வாங்கும் வசதி ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் யாராவது அதைக் குறை சொன்னால், “எஞ்சின் பழசுதான்; உடம்பைப் பாருங்க!” என்று பரிந்து பேசுவார். பேசிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். அவர் ஏன் எழுந்து போனார் என்பது இந்தத் தீபத்தின்போதுதான் எனக்கு விளங்கிற்று. இரவில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணாவிடம், “இவ்வளவு பணம் கொடுத்து வாங்கி, இப்படியா?” என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். நடையும் பெரியப்பாவின் நடைதான்.

புதிதாக வாங்க வருகிறவனுக்கு என்ன உபசாரம் நடக்கிறது, பாருங்கள்! காபி, மாலை, புகைப்படம். பழைய அபிமானியோ எப்படியும் திரும்பி வருவான் என்று கம்பெனிக்குத் தெரியும். கலியாண வீட்டில் சம்பந்திக்கு முதல் பந்தி, சொந்தக்காரனுக்குக் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்து போயிருந்தாலும் சொந்தக்காரன் வாய் திறக்க மாட்டான். லைசென்ஸ் காலத்தில் பெரியப்பாவுக்கு வேறு கார் கிடைப்பது கஷ்டம். ஆகையால் கம்பெனிக்கு அவரைப் பற்றிக் கவலையில்லை. அண்ணாவுக்கு இன்று எத்தனையோ கம்பெனிகள் இருக்கின்றன. இருந்தும் அவருக்கும் அதே பந்திதான். தம் காரைப் பற்றிப் புகார் சொல்வது தம் புத்தியைப் பற்றியே புகார் சொல்வதாகும் என்று அவர் நினைக்கிறார். அதுவும் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடிய புகாராயிருந்தால் பாதகமில்லை. திண்டிவனத்து மழைக் கதையை அவர் ஊரெல்லாம் சொல்லியாயிற்றே! கோயமுத்தூர் மைத்துனரின் காரில், ஸர்வீஸ் முடிந்து வந்த மறுவாரமே, அதே குழாய் விட்டுப் போயிற்றாம். அவர் அண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணிதான் டெலிபோனில் என் தாயாரிடம் சொன்னாள்.

பெரியப்பாவின் ஹெரால்டை விற்றபோது, அதிலிருந்த விளம்பரத்தை நான் எடுத்து வைத்துக் கொண்டேன். மடிப்புகளில் கிழிந்துவிட்டது. அண்ணா ஊருக்குப் புறப்படும்போது அதை அவரிடம் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். “அப்பா இதை வாங்காததே நல்லதாப் போச்சு, இல்லே?” என்று கேட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

தை மாதம் கோயமுத்தூரில் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மனைப் பணம் காருக்குப் போய்விட்டதால், கட்டியிருப்பது சிறிய வீடுதானாம். அண்ணாவின் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனாலும் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்று டெலிபோனில் சொன்னார். ஸ்டேஷனுக்குக் கார் எடுத்துக்கொண்டு வருவதாக மைத்துனர் சொன்னாராம். ஆட்டோவிலேயே வந்து விடுவதாக அண்ணா சொல்லிவிட்டாராம்.