பைன் மரமும் குறிஞ்சித் திணையும்

கொடைக்கானல் சென்று மீள்வோர் பலரும் ஆங்குள்ள பைன் காட்டைப் புகழாது இரார். நெடிதுயர்ந்து நிற்கும் அம்மரங்களைச் சிலர் தேவதாரு என்றும் கூறுவர். அப்பெயர் பொருந்தாது. தேவதாரு இமயத்திற்குரியது, அதன் சிற்றிலைகள் குறுங்கிளைகளின்மீது கொத்துக் கொத்தாய்ச் செறிந்திருக்கும். பைனின் இலைகளோ பெரும்பாலும் இரண்டு, மூன்று, ஐந்து என எண்ணத்தக்க அளவில் அடியில் ஓர் உறையால் பிணிப்புண்டிருக்கும். ஆதலின் பைனின் இனமறிய விரும்புவார் முதற்கண் கீழுதிர்ந்த இலைக்கற்றை ஒன்றை எடுத்து எண்ணுதல் வேண்டும்.

சென்ற விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவருடன் யாமும் அங்ஙனமே எண்ணினோம். மூன்று இருந்தன, சிற்சில கற்றைகளில் நான்கு. மூன்று என்ற அளவில் முடிவு செய்தல் ஆகாது. இமயச் சாரலில் வளரும் சிர் பைனுக்கும் இலை மூன்றே. ஆயின் அதன் காய் பருத்தது, தடித்த செதிள்களை உடையது. யாம் கண்ட காய்களோ விரல் நீளத்தன; சற்றே வளைந்து, காம்பின்றிக் கிளையை ஒட்டிக் கூட்டமாய் இருந்தன. முதிர்ந்த பின்னரும் பல்லாண்டு வாய் திறவாது மரத்திலேயே தங்குவதும், காட்டுத்தீயின் வெம்மை பட்டவழி விரிந்து வித்தைச் சிந்துவதும் அவற்றின் இயல்பு. மேலடிமரத்தின் பட்டை செந்நிறமாய் மெல்லிய ஏடு ஏடாய் உரிந்திருந்தது. இலைகள் ஒரு சாண் அளவு நீண்டு, நனைந்த கூந்தல்போல் தொங்கின. இவ்வடையாளங்கள் ஒருங்கே அமைந்தது பைனஸ் பட்டுலா என்னும் இனம். இப்பெயர் 1831இல் இடப்பட்டது. 'பட்டுலா' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'பரந்தது' என்பது பொருள். தொங்கும் இலையை விடுத்துப் பரப்பைக் கண்டு பெயரிட்டது எமக்கு வியப்பே.

இதன் பிறப்பிடம் மெக்சிகோ நாடு. அந்நாட்டின் கீழைச் சியெரா மாத்ரே மலைகளில், ஏறத்தாழ 1500 முதல் 3000 மீட்டர் உயரத்தில், மஞ்சு படியும் சரிவுகளில் இது தானே வளரும். தென்னிந்திய மலைகளில் இயற்கையாய்த் தோன்றிய பைன் ஒன்றேனும் இல்லை. இங்குள்ளவை யாவும் மக்கள் நட்டவை.

தோழர் அப்போது குறிஞ்சிச் செய்யுள் ஒன்று இயற்றிக்கொண்டிருந்தார். அதில் பைனைக் கருப்பொருளாக அமைக்க எண்ணினார். வேங்கையும் சந்தனமும் அகிலும் நிற்கும் இடத்தில் புதியதொன்று புகலாகாதோ, மிளகாய் நம் அடுக்களையில் புகவில்லையோ என்பது அவர் வாதம். மிளகாயும் மெக்சிகோப் பக்கத்தினின்று வந்ததே ஆகலின், அதனை எளிதில் தள்ளுதற்கில்லை.

யாம் அவருக்கு மரத்தடியைக் காட்டினோம். உதிர்ந்த ஊசியிலை மெத்தைபோல் கிடந்தது, புல் அரிது. பழனி மலையின் மேற்பரப்பு முன்னாளில் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக்காடுமாய் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பைனும் யூக்கலிப்டசும் வாட்டில் என்னும் சீகை மரமும் நட்டுப் பெருக்கியதால் அப்புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலர்வதும், 2018இல் அம்மலையில் மலர்ந்ததுமாகிய நீலக்குறிஞ்சி அப்புல்வெளிக்குரிய செடி அன்றோ? திணைக்குப் பெயர் தந்த பூவின் நிலத்தை மூடி நிற்கும் மரத்தை அத்திணையின் கருப்பொருள் என்பது எங்ஙனம்? மிளகாய் வந்து மிளகுக்கொடியை அழித்ததில்லை என்றோம்.

தோழர் விடையிறுத்திலர். இரண்டு நாள் கழித்துச் செய்யுளைக் காட்டினார். பைன் அதில் நின்றது. திணையைப் பாலை என மாற்றியிருந்தார்.