இருவர் கண்ட சாட்சி

பொய்ச்சாட்சி கூறுவோரைப் பழியாதார் உலகில் இலர். மெய்யென்று நம்பிப் பொய்யைக் கூறுவோரைப் பற்றியோ எவரும் மிகுதியாக எண்ணுவதில்லை. யாங்கள் இருவரும் இவ்விரண்டாம் வகையினர். எங்களுள் ஒருவர் பெரம்பலூர்ப் பக்கத்தவர். செட்டிகுளத்தை அடுத்த சிற்றூரில் சின்ன வெங்காயம் பயிரிடும் குடியிற் பிறந்தவர். மற்றவர் அரியலூரினர், சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பும் வெண்புழுதியிடையே வளர்ந்தவர். இக்கலாசாலையில் பட்டம் பெற்றபின் சென்னைச் சர்வகலாசாலையை அடைந்து, ஒருவர் உளநூலும் மற்றவர் குற்றவியலும் பயின்றோம். ஓர் அறையில் உறைந்து, பகலிற் கேட்ட பாடத்தை இரவில் ஒருவர்க்கொருவர் உரைத்து வந்தமையால், இரு நூல்களையும் இருவருமே கற்றோம் எனலாம். அக்கல்வி எங்கள் பழைய பிழையொன்றை எங்களுக்குக் காட்டிய வரலாற்றை நம் மாணவ நண்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2008-ஆம் ஆண்டில் யாங்கள் எட்டாம் வகுப்பு மாணவர். அப்பள்ளியின் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் சுற்றுலாச் செல்வதற்காக மாணவர்களிடம் திரட்டிய ஆயிரத்து எழுநூறு ரூபாய் விடுதிப் பெட்டியிலிருந்து காணாமற் போயிற்று. முந்தைய நாள் அந்திவேளையில் விடுதி அறையினின்று ஒருவன் வெளியே சென்றதை யாங்கள் தொலைவிலிருந்து கண்டிருந்தோம். அவன் யாவன் என்று அப்பொழுது எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றவேண்டிய காரணமும் இல்லை. மறுநாள் திருட்டுச் செய்தி பரவியபின், படிக்கட்டில் அமர்ந்து அரைமணி நேரம் பேசினோம். பேசப் பேச அவ்வுருவத்திற்கு முகம் ஒன்று முளைத்தது. அது எங்கள் வகுப்பிலேயே மிக வறிய மாணவன் ஒருவனது முகம். விசாரித்தவர் எங்களை ஒருங்கே அழைத்து, “நீங்கள் கண்டது அவனைத்தானே?” என்று வினவினார். “ஆம் ஐயா, அவனைத்தான்” என்றோம். இருவர் கண்டனர் என்றபின் ஐயத்திற்கு இடம் ஏது? அன்றிரவு அவனைத் தனியே ஓர் அறையில் இருத்தினர். விடியுமுன் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவன் அன்னை ஆடு இரண்டினை விற்றுப் பணத்தைக் கட்டிவிட்டு மகனை அழைத்துச் சென்றார். இரண்டு வாரம் கழிந்தபின் பணம் முழுவதும் பழைய கணக்கேடு ஒன்றின் இடையிற் கிடைத்தது. பெரியோர் அதனை வெளியே பேசவில்லை. யாங்களும் பேசவில்லை. அவன் பள்ளிக்கு மீளவே இல்லை.

சென்னையில் உளநூல் தனித்துறையாக 1943-ஆம் ஆண்டில் டாக்டர் ஜி. டி. போவாஸ் அவர்களின் தலைமையில் தோன்றியது. குற்றவியற் கல்வி அங்கே 1965-இல் தொடங்கியது. ஒன்று மனம் எவ்வாறு தொழிற்படுகின்றது என வினவுவது. மற்றொன்று குற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, நீதி அதனை எவ்வாறு எதிர்கொள்கின்றது என வினவுவது. தனித்தனியே கற்பின் இரண்டும் வெறும் பரீட்சைப் பாடங்களாக நின்றிருக்கும். இரண்டும் ஓரறையில் கலந்தமையால் எங்களை உறங்கவிடவில்லை.

முதலில் எங்கள் நினைவுக்கு வந்தவர் அரியலூர் நண்பரின் பாட்டனார். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், அதன் பொருட்டு இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததையும் யாவரும் அறிவர். இஞ்சின் கவிழ்ந்ததைத் தம் கண்ணாற் கண்டதாகப் பாட்டனார் பலமுறை கூறியுள்ளார். கூறும்பொழுது அவர் குரல் நடுங்கும். அவர் இறந்தபின் அவருடைய தமக்கையார், “அன்றைக்கு உன் தாத்தா ஊரிலேயே இல்லை, தம்பி, கலியாணத்திற்கு ஜெயங்கொண்டம் போயிருந்தான். திரும்பி வந்து கேட்டதைத்தான் சொல்வான்” என்றார். பாட்டனார் பொய் பேசும் இயல்பினர் அல்லர். ஊர் முழுதும் சொன்னவை அவருள் உருத்திரண்டு அவர் கண்ட காட்சியாகவே ஆகிவிட்டன.

இவ்வியல்பை அறிஞர் நெடுநாளாகவே ஆராய்ந்துள்ளனர். 1901-இல் பெர்லின் நகரத்துச் சட்டப் பேராசிரியர் லிஸ்ட் தம் வகுப்பில் இரு மாணவர் சச்சரவிட்டு ஒருவர் கைத்துப்பாக்கியை எடுப்பதுபோல் ஒரு நாடகத்தை முன்னரே ஏற்பாடு செய்து நடத்துவித்தார். கண்டோர் எழுதிய அறிக்கைகளுள் பிழையற்றது ஒன்றேனும் இல்லை; வாய் திறவாதவர் பேசியதாகவும் சிலர் எழுதினர். ஹூகோ மூன்ஸ்டர்பெர்க் 1908-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சோதனைகளை எடுத்துக்காட்டி, நீதிமன்றம் உளநூலின் துணையை நாடவேண்டும் என வாதித்தார். நினைவு என்பது பேழையிற் கிடக்கும் பொருளன்று, நினைக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது எனக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பார்ட்லெட் 1932-இல் விளக்கினார். 1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்போர் மோட்டார் விபத்துப் படமொன்றைக் காட்டி, வண்டிகள் ‘மோதியபொழுது’ வேகம் என்ன என்று சிலரையும், ‘நொறுங்கியபொழுது’ வேகம் என்ன என்று சிலரையும் வினவினர். ஒரு வாரம் சென்று, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா எனக் கேட்டபொழுது, முதல் வகையினர் ஐம்பதின்மருள் எழுவரும், இரண்டாம் வகையினர் ஐம்பதின்மருள் பதினாறு பேரும் ‘கண்டோம்’ என்றனர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. வினாவின் ஒரு சொல் நினைவினுள் ஒரு பொருளைப் படைத்துவிட்டது.

இதனைப் படித்த இரவில் யாங்கள் இருவரும் வெவ்வேறு மூலையில் அமர்ந்து, அன்று அந்தியிற் கண்டதைத் தனித்தனியே எழுதினோம். ஒருவர் தாளில் அவன் அணிந்தது நீலச் சட்டை. மற்றவர் தாளிற் பச்சை. ஒருவர் அவன் கையிற் பையொன்று கண்டார். மற்றவர் வெறுங்கை கண்டார். அவன் போன திசையிலும் ஒற்றுமை இல்லை. இரண்டு தாளிலும் மாறாதிருந்தது அவன் பெயர் ஒன்றே. அப்பெயரைக் கண் தரவில்லை. படிக்கட்டில் நிகழ்ந்த எங்கள் பேச்சே தந்தது. இரு சாட்சிகள் என ஊரார் எண்ணியது உண்மையில் ஓர் ஊகமே; அதனை இருவாய்கள் மொழிந்தன.

சட்டமோ இவ்வபாயத்தை முன்னரே அறிந்திருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று 134-ஆம் பிரிவில் வரையறுக்கவில்லை. சாட்சியம் நிறுத்துப் பார்க்கத்தக்கதேயன்றி எண்ணிப் பார்க்கத்தக்கதன்று. விடையைத் தன்னுள்ளே கொண்ட வினாவை, எதிர்த்தரப்பு மறுக்குமாயின், நீதிமன்றத்தின் இசைவின்றித் தன் சாட்சியிடம் முதல் விசாரணையில் கேட்டல் ஆகாது என்பதும் அதில் உண்டு. அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலை 24-ஆம் பிரிவும், போலீசாரிடம் கூறிய ஒப்புதலை 25-ஆம் பிரிவும் விலக்கின. ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்தையும் தனித்தனியே எழுதல் வேண்டும் எனக் குற்ற விசாரணை முறைச் சட்டம் கூறிற்று. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு இவற்றின் இடத்தில் புதிய சட்டங்கள் வழங்கினும், இக்காப்புகள் அவற்றிலும் தொடர்கின்றன. யாங்கள் இருவரும் அன்று மீறாத விதி இவற்றுள் ஒன்றேனும் உண்டா எனத் தேடினோம், காணவில்லை. பள்ளி நீதிமன்றம் அன்று என்பது மெய்யே. ஆயினும் பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு அந்த அறையே நீதிமன்றம், அதுவே சிறை.

அம்முகம் ஏன் அவன் முகமாயிற்று? அவன் ஏழை, ஏழைக்குப் பணம் வேண்டும், ஆகையால் எடுத்தவன் அவனே என எங்கள் உள்ளம் எங்களைக் கேளாமலே முடிவு செய்துவிட்டது. இவ்வகை எண்ணமே ஒருகாலத்தில் இந்நாட்டில் சட்டமாகவும் நின்றது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பல குலங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக எழுதி வைத்தது. சென்னை மாகாணத்தில் அது 1947-இலேதான் நீங்கியது. ஏட்டினின்று நீங்கியது நெஞ்சினின்றும் நீங்கிற்றா என்பதை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவுதல் நன்று.

இன்று இவ்விரு நூல்களும் நீதிமன்ற வாயிலிற் சந்திக்கின்றன. ஒருவர் இசைவின்றி மயக்க மருந்தினாலோ பொய் காட்டும் கருவியினாலோ அவர் மனத்தைத் திறத்தல் ஆகாதென 2010-இல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினாறு வயது நிரம்பிப் பதினெட்டு எய்தாத ஒருவர்மேல் கொடுங்குற்றம் சாட்டப்படின், அவருடைய மனநிலையையும் விளைவறியும் ஆற்றலையும் உளநூல் வல்லார் துணைகொண்டு மதிப்பிடலாம் என 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகின்றது. மனத்தை அறியாத நீதி குருடு; நீதியை அறியாத உளநூல் எவர் கையிலும் கருவியாகும்.

சென்ற தை மாதத்தில் அவரைத் தேடிச் சென்றோம். அவர் ஒரு வெங்காய மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அறிந்துகொண்டார், தேநீர் வருவித்தார். மன்னிப்பு வேண்டினோம். அவர் சற்றுநேரம் ஊசியையே நோக்கியிருந்து, “நீங்கள் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பொய்யாக இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நீங்கள் நம்பிச் சொன்னீர்கள், அதனால்தான் என்னை ஒருவரும் நம்பவில்லை” என்றார். ஒப்புக்கொண்டது ஏன் எனக் கேட்டோம். “ஒப்புக்கொண்டால் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்” என்றார். 24-ஆம் பிரிவிற்கு இதனினும் தெளிவான உரையை யாங்கள் எந்நூலிலும் கண்டதில்லை.

பின்னர், “என்னிடம் சொன்னது போதாது, அம்மாவிடம் சொல்லுங்கள்” என்றார். பணம் கிடைத்த செய்தியே அவ்வீட்டிற்கு எட்டவில்லை. அவ்வன்னையார் அதுகாறும் தம் மகன் எடுத்தானென்றே எண்ணி, அதனை அவனிடம் ஒருநாளும் கேளாமல் வாழ்ந்திருக்கின்றார். திண்ணையில் அமர்ந்து யாவற்றையும் கூறினோம். அவர் எங்களைக் கடியவில்லை. மகனை நோக்கி, “ஏன்டா அப்போதே என்னிடம் சொல்லவில்லை?” என்றார். “சொன்னேன் அம்மா” என்றார் அவர். அதன்பின் அங்கே எவரும் பேசவில்லை.

நண்பர்களே, இவ்விரு கல்வியையும் ஒருங்கே பயில விரும்புவோர் உங்களுள் இருப்பின், உவந்து பயிலுங்கள். ஆயின் அறிவு ஆட்டை மீட்டுத் தராது. கழிந்த பள்ளி நாட்களையும் தராது. கண்டேன் என்று கூறுமுன் கண்டது எது, கேட்டது எது, கருதியது எது என மூன்றாகப் பிரித்து நோக்குங்கள். தவறியது தெரியவந்த நாளிலேயே வாய் திறவுங்கள். யாங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காலந்தாழ்த்தோம்.