மணி கௌலின் முதல் ரொட்டி

மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ எனக்கு ஏமாற்றத்தையே தந்தது. இதை ஒப்புக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்தியப் புதிய அலையின் தொடக்கப் படங்களுள் ஒன்று என்று ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எழுதிவிட்டு, பிடிக்கவில்லை என்பதை எந்த அடிக்குறிப்பில் சேர்ப்பது?

படத்தின் கதை மோகன் ராகேஷுடையது. பஞ்சாபில் ஒரு சாலையோரம். பேருந்து ஓட்டுநர் சுச்சா சிங்குக்கு மதிய உணவைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து காத்திருப்பது அவன் மனைவி பாலோவின் அன்றாடக் கடமை. அவன் வீட்டுக்கு வருவதோ வாரத்தில் ஒரு நாள்தான்; வேறொரு ஊரில் அவனுக்கு இன்னொருத்தி இருக்கிறாள். அன்றைக்குப் பாலோ தாமதமாக வருகிறாள். அவளுடைய தங்கையிடம் ஒருவன் முறைகேடாக நடந்துகொண்டதே காரணம். கணவன் கோபத்துக்கு அஞ்சி, இருட்டிய பின்னும் அவள் அங்கேயே நிற்கிறாள்.

பூனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்று 1966-இல் வெளிவந்தவர் கௌல். பட நிதிக் கழகத்தின் கடனில் இப்படத்தை 1969-இல் எடுத்து முடித்தார். அதே ஆண்டில் அதே கழகத்தின் பணத்தில், அதே கே.கே. மகாஜனின் ஒளிப்பதிவில் மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ வந்தது. அதை மக்கள் பார்த்தார்கள். கௌலின் படத்துக்கு ஃபிலிம்ஃபேர் விமரிசகர் விருது கிடைத்தது, பார்வையாளர்தாம் கிடைக்கவில்லை. மக்கள் பணத்தை இப்படியா செலவழிப்பது என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. என் குறை வேறு.

கௌல் படத்துக்கு இரண்டே லென்சுகளைத் தேர்ந்துகொண்டார். 28 மி.மீ. லென்சில் சாலையும் வயலும் வானமும் ஆழமாக விரியும், 135 மி.மீ. லென்சில் ஒரு முகமோ கையோ பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். ஒன்று நிகழ்வுக்கும் மற்றொன்று நினைவுக்கும் உரியது என்ற பிரிவில் தொடங்கி, பிறகு அந்தப் பிரிவையே அவர் கலைத்துவிட்டார். ஆகவே பேருந்து வந்ததா, வந்ததாகப் பாலோ எண்ணிக்கொண்டாளா என்பது நமக்குத் தெரிவதில்லை. நடிகர்களோ ஏற்ற இறக்கமின்றிச் சொற்களை ஒப்பிக்கிறார்கள். பிரெஸ்ஸோனின் பாதிப்பு வெளிப்படை. வகுப்பறையில் விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த படம் கிடையாது. நானே விளக்கியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் டோம்பிவிலி வீட்டில், இயலைத் திருத்துவதற்காக மடிக்கணினியில் மீண்டும் படத்தைப் போட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் அருகில் வந்து அமர்ந்தாள். அப்பா ஓய்வுபெறும்வரை முப்பது ஆண்டுகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அவருக்கு டப்பா கட்டியவள். தண்டவாளத்தில் நீர் ஏறிய நாள்களில், எந்த வண்டி குர்லாவில் நின்றிருக்கும், எது தாணேயைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டபடியே சன்னலோரம் நின்றவள். அரைமணி நேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “ஏண்டி, இவளுக்குக் கோபமே வராதா?”

மூன்றாண்டுகளாக நான் சொல்லத் தயங்கியதை அம்மா கீரைக் கட்டோடு வந்து சொல்லிவிட்டாள். காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. கணக்குப் போடுகிறார், சபிக்கிறார், சொல்லப்போகும் சொற்களை ஒத்திகை பார்க்கிறார். கௌல் காத்திருப்பிலிருந்து காலத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அந்தக் கணக்கை உதிர்த்துவிட்டார். தங்கைக்கு நேர்ந்த கொடுமையும் ரொட்டி ஆறிப்போவதும் ஒரே தட்டைக் குரலில் வரும்போது, அது எனக்குக் கட்டுப்பாடாகத் தோன்றவில்லை. அவள் பட்ட பாட்டைவிட அவள் நிற்கும் சட்டகமே இயக்குநருக்கு முக்கியமாகப் பட்டதோ என்ற ஐயமே எழுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து அவரே எடுத்த ‘துவிதா’வைப் பார்த்தால் இந்தக் குறை தெளிவாகத் தெரியும். விஜய்தான் தேத்தாவின் கதை அது: வணிகன் மகன் புது மனைவியை விட்டுப் பொருளீட்டப் போய்விட, அவள்மேல் ஆசைப்பட்ட பேய் அவன் உருவில் வீட்டுக்கு வருகிறது. தான் யார் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லியும் விடுகிறது. அங்கும் அசைவின்மை உண்டு, உறைந்த சட்டகங்கள் உண்டு. ஆனால் கதைசொல்லியின் குரலும் ராஜஸ்தானி நாட்டார் இசையும் அந்த மௌனத்தைத் தாங்குகின்றன. இறுதியில் மணப்பெண் பேசாமல் இருப்பதன் காரணம் நமக்குச் சுடுகிறது. சத்யஜித் ராய் 1974-இல் ‘துவிதா’வையும் விட்டுவைக்கவில்லை, அங்கே நான் ராயின் பக்கம் இல்லை. அப்படத்துக்காக கௌலுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது.

பின்னர் ‘சித்தேஷ்வரி’யை எடுத்தவர் என்பதற்காக முதல் படத்தையும் முழுமையானதாக வாசிப்பது ஆய்வாளர்களாகிய நம் சோம்பல். அவர் எதைக் கற்றுக்கொண்டார் என்பதை அந்த வாசிப்பு மறைத்துவிடுகிறது. இரண்டாம் இயலை அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். நெறியாளருக்கு இன்னும் சொல்லவில்லை. இப்பதிவை அவர் படித்தால் தெரிந்துகொள்வார்.

அன்று படம் முடிந்ததும் அம்மா கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களை வாசலில் நின்று, “கடைசியில அவன் சாப்பிட்டானா, இல்லையா?” என்றாள்.

படத்தை அதற்குள் நான்கு முறை பார்த்திருந்த நான், “தெரியலைம்மா” என்றேன்.